மே பத்தாம் தேதி வரை

9 நவம்பர் 1941, ஞாயிறு
வேப்பேரி

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் செல்வரங்கம் பிள்ளை நின்றுகொண்டிருந்தார். சூளையில் அச்சகம் வைத்திருப்பவர். பெரிய மனிதர்களின் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விற்கிறார். நான் பெண்கள் பள்ளியில் சரித்திரம் எடுப்பது தெரிந்து வந்திருக்கிறார்.

“டீச்சரம்மா, சர்ச்சிலப் பத்தி ஒரு புஸ்தகம் வேணும். அறுபத்திநாலு பக்கம்.”

“அவரப் பத்தித்தான் தினம் பேப்பர்ல வருதே.”

“அதுக்குத்தான் சொல்றேன். யுத்தத்துல அவர் பண்றது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தாருன்னு யாருக்குத் தெரியும்? போன வருஷம் மே பத்தாம் தேதி பிரதமர் ஆனாரில்ல, அதுவரைக்கும் எழுதுங்க. அதோட நிறுத்திடுங்க. கடைசிப் பக்கத்துல ஒரு தீர்ப்பு இருக்கணும். ஆளு பாஸா, பெயிலா? பிள்ளைங்களுக்கு அது வேணும்.”

ஒப்புக்கொண்டேன். தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடித்த வேலை என்று பள்ளியில் சொல்வார்கள்.

என் கணவர் உள்ளே உட்கார்ந்து தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். அங்கே கதர் உடுத்த முடியாது, வீட்டில் கதர்தான். பிள்ளை போனபின் தலை நிமிராமல் கேட்டார்.

“காந்தியார அரை நிர்வாணப் பக்கிரின்னு சொன்ன ஆளுக்கு நீ ஜீவிய சரித்திரம் எழுதப் போறியா?”

“அதையும் சேத்துத்தான் எழுதுவேன்.”

“எழுது.”

இந்த வாரத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு இதுதான். எங்கள் மகன் சீலன் படையில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் இப்படித்தான். அவனை நான்தான் சேர்த்துவிட்டேன் என்பது அவருடைய எண்ணம். சீலனுக்கு இருபத்திரண்டு வயது. கையெழுத்துப் போட்டது அவன் கை.

14 நவம்பர்

சிங்கப்பூரிலிருந்து சீலன் கடிதம். வயர்லெஸ் பிரிவில் நல்ல பெயராம். அங்கே தினம் மழை. காதில் ஏதோ சிறு தொந்தரவு. உடனே பதில் எழுதி, பள்ளிக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தேன்.

எப்போதும் இரவுச் சாப்பாட்டின்போது அவன் கடிதத்தைச் சத்தமாக வாசிப்பேன். அவர் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். இன்று தலைவலி. “சௌக்கியமா இருக்கானாம்” என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

22 நவம்பர்

இரண்டாம் படிவத்து விடைத்தாள்கள் முப்பத்தெட்டு. வண்ணான் தலையணை உறை ஒன்றைத் தொலைத்துவிட்டான்.

நூலகத்திலிருந்து மூன்று தடிப் புத்தகங்கள் கொண்டுவந்தேன். பள்ளியில் மந்தம், ராணுவக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறினார். தகப்பனார் பெரிய மந்திரி, மகனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தவர். சின்ன வயதில் பெங்களூர் ராணுவத் தண்டில் குதிரைப்படை அதிகாரியாக இருந்திருக்கிறார். உச்சி வெயிலில் மற்றவர்கள் படுத்துக் கிடக்க, இவர் படித்தார். இங்கிலாந்திலிருந்து தாயார் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

தகப்பன் கைவிட்ட பிள்ளையைத் தாய் ஆளாக்கினாள். முதல் அத்தியாயத்தில் இதை அழுத்தி எழுத வேண்டும்.

30 நவம்பர்

கட்சி மாறியதை எழுதினேன். ஒரு முறை மாறி, இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு பக்கத்தாரும் நம்பவில்லை. வேலையில்லாதவர்களுக்குக் காப்புறுதி, சுரங்கத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை என்று நல்ல சட்டங்களிலும் இவர் கை இருக்கிறது. இதை என் கணவரிடம் சொன்னேன்.

“நல்லது பண்ணினத மறைக்கச் சொல்லலியே நான்” என்றார். பிறகு, “சீலன் கடுதாசி ஏதும் வரலியா?” என்று கேட்டார். அவராகக் கேட்டது இதுதான் முதல் முறை. வரவில்லை என்றேன்.

9 டிசம்பர்

ஜப்பான் போரில் இறங்கிவிட்டது. நேற்று விடியும் முன்னே சிங்கப்பூரில் குண்டு விழுந்திருக்கிறது.

பேப்பரை முதலில் படித்தவர் அவர். மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “அது கோட்டை மாதிரி ஊரு, ஒண்ணும் ஆகாது” என்று நான்தான் சொன்னேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

11 டிசம்பர்

சீலனுக்கு இன்னொரு கடிதம். விமானத் தபால்.

28 டிசம்பர்

கிறிஸ்துமஸுக்கு முறுக்கு மட்டும் சுட்டேன். யார் தின்பது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

கலிப்போலி அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். 1915. கடற்படைக்கு இவர் மந்திரி. கப்பல்களை அனுப்பியே துருக்கியின் கடல்வாசலைத் திறந்துவிடலாம் என்று மற்றவர்களை நம்பவைத்தார். மார்ச் பதினெட்டில், ஒரே நாளில், மூன்று பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கின. அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை. தரைப்படையை இறக்கினார்கள். எட்டு மாதம் கலிப்போலி மலைச்சரிவில் பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். பழி இவர் ஒருவருடையது இல்லை. கூட இருந்த பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டியவர்கள்தான். ஆனால் தள்ளிக்கொண்டு போனது இவர். பதவி போயிற்று. அரசியலில் இவர் கதை முடிந்தது என்றே எல்லோரும் பேசினார்கள்.

புத்தகத்துக்காக இப்படி எழுதினேன்: ‘திரும்பி வா என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்ததே இவர் செய்த பெரிய பிழை.’

அதோடு மூடி வைத்துவிட்டேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

மை தீரவில்லை.

13 ஜனவரி 1942

கோலாலம்பூர் போய்விட்டது. வகுப்பில் மலாயா படத்தை மாட்டியிருந்தேன். பரிமளம் என்ற பெண் எழுந்து, “டீச்சர், உங்க பையன் இருக்கற ஊருக்கு இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டாள். அவள் கேட்டது ஜப்பான்காரனுக்கு எவ்வளவு தூரம் என்று. படத்தில் இரண்டு விரற்கடை. “ரொம்ப தூரம்மா, உக்காரு” என்றேன்.

2 பிப்ரவரி

ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டினோம். அவர் பசை தடவிக் கொடுத்தார், நான் ஒட்டினேன். மலாயாவிலிருந்து படை முழுவதும் தீவுக்குள் பின்வாங்கிவிட்டதாம். பாலத்தை அவர்களே உடைத்துவிட்டார்கள்.

“கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டு வந்துருவாங்க” என்றேன்.

“ம்” என்றார்.

17 பிப்ரவரி

சிங்கப்பூர் விழுந்துவிட்டது. சர்ச்சிலே வானொலியில் சொன்னாராம். எல்லோரும் அமைதியாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டுமாம்.

நான் பள்ளிக்குப் போனேன். மூன்றாம் படிவத்துக்கு அக்பரின் வரிவிதிப்பு எடுத்தேன். ஒரு தவறில்லாமல் எடுத்தேன். மாலையில் வந்தால் அவர் வேலைக்கே போகவில்லை. குடங்களில் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, துவையல் அரைத்து வைத்திருந்தார். அம்மியை நன்றாகக் கழுவத் தெரியவில்லை.

“சாப்பிடு ரூபா” என்றார்.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

8 மார்ச், ஞாயிறு

கைப்பிரதியைப் பிள்ளையிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை எனக்கு முன்னாலேயே உட்கார்ந்து படித்தார். நான் எழுதியிருந்தது இது:

‘இங்கிலாந்துப் பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டினார், தொழிலாளிகள் பட்டினி கிடந்தார்கள். இந்தியாவுக்குச் சுயராஜ்யம் என்றால் கடைசிவரை எதிர்த்தார். நம் தலைவரை இகழ்ந்தார். ஜெர்மனியைப் பற்றி மட்டும் மற்றவர்களுக்கு முன்னே சரியாகச் சொன்னார். ஆறேழு வருஷம் யாரும் கேட்கவில்லை. நார்வேயில் படையை அனுப்பித் தோற்றார்கள்; அதிலும் இவருக்குப் பங்கு உண்டு; ஆனால் அந்தத் தோல்விக்குப் பதவியிழந்தது பழைய பிரதமர், வந்து உட்கார்ந்தது இவர். 1940 இவருடைய பழைய தவறுகளையெல்லாம் கழுவிவிட்டது என்கிறார்கள். கலிப்போலியில் செத்தவர்களுக்கு 1940 வரவே இல்லை. தவறு செய்தவர் திரும்பி வந்தார். தவறில் போனவர்கள் வரவில்லை. ஆகையால் பாஸ், பெயில் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.’

பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டீச்சரம்மா, இத அச்சடிச்சா சர்க்கார் எனக்கு விடற கொஞ்சம் காகிதமும் நின்னுபோயிடும். தீர்ப்புச் சொல்றது உங்க வேலையாச்சே. தகுதி இல்லேன்னு ஏன் எழுதறீங்க?”

பிள்ளைக்குச் சீலன் விஷயம் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டார். “அந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்கம்மா.”

7 ஏப்ரல்

நேற்று விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. பயத்தில் இங்கே பட்டணமே காலியாகிக்கொண்டிருக்கிறது. பள்ளியை மூடிவிட்டார்கள். எழும்பூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லையாம். பக்கத்து வீட்டார் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள்.

“நாங்க வரல. அவன் கடுதாசி போட்டா இந்த விலாசத்துக்குத்தானே போடுவான்” என்றார் அவர்.

10 ஏப்ரல்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

தபால்காரர் வந்தபோது நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை என் கணவர் வாங்கினார். டிசம்பர் பதினொன்றில் நான் சீலனுக்கு எழுதியது. சேராமல் முத்திரை குத்தித் திரும்பி வந்துவிட்டது. அவர் அதைப் பிரித்து வாசித்திருக்கிறார். ஈரக் கையோடு நான் உள்ளே வந்தபோது தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“‘போன மாசம் எழுதினத மறந்துடு, டாக்டர் சொன்னபடி விண்ணப்பம் போட்டு உடனே கிளம்பி வா’ன்னு எழுதியிருக்கியே. போன மாசம் என்ன எழுதின?”

சொன்னேன். நவம்பரில் வந்த கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சிறு தொந்தரவு என்று இந்த நோட்டில்கூட எழுதிவைத்திருக்கிறேன். சிறு தொந்தரவு இல்லை. ஒரு காது கேட்பதே நின்றுவிட்டது. டாக்டர் ஊருக்கு அனுப்ப எழுதித் தருவதாகச் சொல்கிறார். ‘விண்ணப்பம் போடட்டுமா அம்மா? நீங்கள் சொன்னால் போடுகிறேன்’ என்று அவன் கேட்டிருந்தான்.

நான் எழுதிய பதில் ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. ‘ஒரு காதுவலிக்குத் திரும்பி வந்தாய் என்றால் அப்பா வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார், அவர் பார்வையே போதும். சபையில் எல்லோரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன். தொடங்கியதை முடித்துவிட்டு, தலை நிமிர்ந்து வா.’

படையில் சேரும் படிவத்தை வாங்கி வந்தவளும் நான்தான். அவன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பொழுது சாய்ந்தபின் வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

11 ஏப்ரல்

காலையில் காப்பி கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. தன் அலுவலகப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். சீலனின் கையெழுத்து. அலுவலக விலாசம். தேதி அக்டோபர் இருபது.

‘அப்பா, என்மேல் உங்களுக்குக் கோபம் என்று தெரியும். எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. ஊருக்குப் போக எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொல்கிறார். நான் வந்தால் வீட்டுக்குள் விடுவீர்களா? ஒரு வரி எழுதுங்கள், போதும். உங்களுக்குச் சம்மதம் என்றால்தான் அம்மாவிடம் சொல்வேன்.’

“மொதல்ல எனக்குத்தான் எழுதினான் ரூபா.”

“நீங்க என்ன பதில் எழுதினீங்க?”

“எழுதல.” பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “பண்ணது தப்புன்னு மொதல்ல அவன் வாயால சொல்லட்டும்னு இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் பையிலயே வெச்சிருந்தேன். ‘வா’ன்னு ஒரே ஒரு எழுத்து. அத எழுத எனக்குக் கை வரல. நான் எழுதாததுனாலதான் உன்னக் கேட்டிருக்கான்.”

இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டு போயிற்று. அடுப்பு மூட்டவில்லை.

19 ஜூன்

புத்தகம் வந்திருக்கிறது. மட்டக் காகிதம். கலிப்போலி ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: ‘அங்கே அவருக்குச் சிறு பின்னடைவு நேர்ந்தது.’ கடைசிப் பக்கத்தில் பிள்ளையே ஒரு தீர்ப்பு எழுதிச் சேர்த்திருக்கிறார். முதல் வகுப்பில் தேறினாராம். அட்டையில் என் பெயர்.

3 ஆகஸ்ட்

சர்க்கார் கடிதம். ‘காணவில்லை.’

27 ஜூலை 1945

மூன்று வருஷமாக இந்த நோட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதும்படி எதுவும் வரவில்லை. சீலனைப் பற்றி ஒரு கார்டுகூட இல்லை.

சர்ச்சில் தேர்தலில் தோற்றுவிட்டார். பிள்ளை வந்திருந்தார். 1940 முதல் இன்றுவரை இரண்டாம் பாகம் எழுதித் தரச் சொன்னார். முடியாது என்றேன். வற்புறுத்தவில்லை. “தம்பி சேதி ஏதாச்சும்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

18 நவம்பர் 1945, ஞாயிறு

இன்று ஒரு பையன் வந்தான். பெயர் முனிரத்தினம், ஆம்பூர் பக்கம். சிறைமுகாமிலிருந்து போன மாதம்தான் ஊர் திரும்பியிருக்கிறான். சட்டை தோளிலிருந்து தொங்கியது. எங்களைக் கண்டதும் காலைத் தொட வந்தான். அவர் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.

அவன் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உயிரோடு இருந்தால் சீலன் அல்லவா வந்திருப்பான்.

“நாப்பத்திமூணு மார்ச்சுலம்மா. சோறு கெடையாது. காலு வீங்கிப் போச்சு, நெறையப் பேருக்கு அப்படித்தான். கடேசி வரைக்கும் நெனவு இருந்துச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன். பிரார்த்தன பண்ணித்தான் பொதச்சோம்.”

அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை.

முனிரத்தினம் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு நிமிர்ந்தான். எங்களுக்காகப் பத்திரமாக ஏதோ கொண்டுவந்தவன்போல இருந்தான்.

“இன்னொண்ணு சொல்லணும்மா. இதச் சொல்லத்தான் முக்கியமா ரயிலேறினேன். அவனுக்குக் காது சரியில்லன்னு உங்களுக்குத் தெரியும். யுத்தம் வந்தப்பறமும் ஆஸ்பத்திரிக் கப்பல் ஒண்ணு கெளம்பிச்சி. டாக்டரே வந்து, ‘ஒம் பேரப் போடட்டுமா’ன்னு கேட்டாரு. சீலன் மாட்டேன்னுட்டான். ‘எங்கம்மா எழுதியிருக்காங்க, முடிச்சிட்டுத்தான் போவேன்’னான். அந்த லெட்டர சட்டப் பையிலயே வெச்சிருந்தான். காம்புல நாங்க ஒடைஞ்சு போறப்பல்லாம் எடுத்துப் படிச்சுக் காட்டுவான். தலை நிமிந்து வான்னு எழுதியிருந்தீங்களே, அந்த எடம் எங்க எல்லாருக்கும் மனப்பாடம். இப்படி ஒரு அம்மா யாருக்கும்மா கெடைப்பாங்க?”

அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தான். நாற்பத்தொன்றிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த தீர்ப்பு இதுதான். அதைப் பாராட்டாகச் சொல்லக்கூடிய ஒருவன் வாயிலிருந்து வரும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

அப்போது அவர் என் தோளில் கை வைத்தார். வெளியாள் முன்னால் ஒருநாளும் என்னைத் தொட்டவரில்லை.

“அந்த லெட்டர நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் எழுதினோம் தம்பி” என்றார்.

“அப்படியாய்யா?”

“ஆமா. கையெழுத்து அவளோடது. பாதி என்னோடது.”

முனிரத்தினம் எழுந்து, காலைச் சேர்த்து வைத்து, எங்கள் இருவருக்குமாக ஒரு சல்யூட் அடித்தான். கதர்ச் சட்டையோடு அவர் விறைத்து நின்று அதை வாங்கிக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். இருந்து சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு கேட்கக் கூச்சப்பட்டான். அவரே எடுத்துப் போட்டார்.

அவன் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றோம். உள்ளே வந்து கதவைச் சாத்தியபிறகுதான் அவர் அழுதார்.